ரோட்டில் முதல் வழி யாருக்கு? துபாயும் நம்ம குமரி மாவட்டமும்

தக்கலை தம்பி:

துபாயிலும் ஷார்ஜாவிலும் பல வருடம் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்புவதற்குள் அங்கே ஒரு வாரம் ஓட்டிய களைப்பு வந்துவிடுகிறது. ஏன் என்று யோசித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. இங்கே வைக்கிறேன், மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

ரோடு அகலம், கேமரா, அபராதம் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என் கணக்கில் பெரிய வித்தியாசம் வேறு. அங்கே ஒரு ஜங்ஷனுக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்பே யார் முதலில் போக வேண்டும் என்பது முடிவாகிக் கிடக்கும். ரவுண்டானா என்றால் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குத்தான் வழி. அங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால் நான் இடது பக்கம் பார்த்துக் காத்திருப்பேன், இடைவெளி கிடைத்தால் நுழைவேன். கோடு போட்ட இடத்தில் ஒருவர் கடக்க வந்தால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் 500 திர்ஹம் அபராதம், கூடவே 6 கருப்புப் புள்ளி. 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். எதிரில் வருவது லேண்ட் குரூசரா டெலிவரி பைக்கா என்பது கணக்கிலேயே வராது.

இங்கே ஒவ்வொரு ஜங்ஷனிலும் பேரம்தான். கண்ணைப் பார்த்து, லைட்டை டிம் பிரைட் அடித்து, வண்டியின் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, யார் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறோம். அந்தப் பேரத்தில் ஜெயிப்பது எப்போதுமே பெரிய வண்டி. டாரஸ் என்கிற பெரிய சரக்கு லாரி வந்தால் பஸ் ஒதுங்கும், பஸ் வந்தால் கார் ஒதுங்கும், காருக்கு பைக், பைக்குக்கு நடந்து போகிறவர். நடந்து போகிறவர் ஒதுங்க ஓடைதான் மிச்சம்.

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. 2017-ல் வந்த ஓட்டுநர் விதிமுறைகளில் ரவுண்டானாவும் உண்டு, பாதசாரிக் கோடும் உண்டு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புது அபராதங்கள் வந்தன. ஆனால் கோட்டில் நிற்காததற்காக அபராதம் கட்டிய ஒருவரை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. ‘வழி யாருக்கு’ என்கிற அந்த ஒரு விதியைக் கறாராக அமல்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கருத்து.


ஆட்டோ மார்த்தாண்டம்:

தம்பி, நீங்கள் சொன்னது படிக்க நன்றாக இருக்கிறது. நான் மார்த்தாண்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன், அதனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

துபாயில் முதலில் ரோட்டைப் போட்டார்கள், அப்புறம் அதன் ஓரத்தில் ஊரைக் கட்டினார்கள். இங்கே ஊர் முதலில் இருந்தது. திருவிதாங்கூர் காலத்தில் மாட்டுவண்டி போன பாதையில்தான் இன்றைக்கு கேரளாவுக்குப் போகிற டாரஸும் போகிறது, ஸ்கூல் பிள்ளைகளும் போகிறார்கள், சந்தைக்கு மீன் கொண்டுபோகிற அம்மாவும் போகிறாள். பம்மத்திலிருந்து வெட்டுமணி வரை மேம்பாலம் வந்தது சரி, நேராகத் திருவனந்தபுரம் போகிறவருக்கு நல்லது. கீழே இருக்கிற ரோட்டில் பஸ், ஆட்டோ, சரக்கு இறக்குகிற டெம்போ, கடைக்கு வந்தவர்களின் பைக் எல்லாம் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். அங்கே கோடு போட்டு ‘வழி இவருக்கு’ என்று எழுதிவைத்தால் ஒரு வண்டியும் நகராது.

நீங்கள் பேரம் என்று சொல்வதை நான் ஒத்துப்போதல் என்று சொல்வேன். ஒடுக்கமான ரோட்டில் எதிரே பஸ் வந்தால் நான் வீட்டு நடையோரமாக ஒதுங்குகிறேன். பயந்துகொண்டு ஒதுங்கவில்லை. அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் நிற்கிறார்கள், என் வண்டியில் இரண்டு பேர். பஸ் டிரைவரும் போகும்போது கையைத் தூக்கிவிட்டுப் போவார். இதை எந்தச் சட்டம் சொல்லிக்கொடுத்தது?

ஹாரன் விஷயமும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஹாரனைத்தான் குறை சொல்வார்கள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் மதில் மறைக்கிற வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பிப் பாருங்கள். லாரியின் பின்னால் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதி வைத்திருப்பது உன்னைப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறேன், குரல் கொடு என்பதற்காக.


தக்கலை தம்பி:

அண்ணே, வளைவில் ஹாரன் அடிப்பதை யாரும் குறை சொல்லவில்லை. சிக்னலில் பச்சை விழுந்த நொடியில் பின்னாலிருந்து அடிக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறோம். 2019 திருத்தத்தில் தேவையில்லாத ஹாரனுக்கு 1000 ரூபாய், மறுபடி அடித்தால் 2000 என்று எழுதியே இருக்கிறது.

பஸ்ஸுக்கு நீங்கள் ஒதுங்குவது பெருந்தன்மை, சரி. அதே ரோட்டில் அந்த மீன்கார அம்மாவுக்கு யார் ஒதுங்குகிறார்கள்? அவர்தான் எல்லோருக்கும் ஒதுங்குகிறார். ஒத்துப்போதல் ஒரே பக்கமாக நடந்தால் அதற்குப் பெயர் வேறு.


கருங்கல் சிஸ்டர்:

நான் அபுதாபியில் நர்ஸாக வேலை பார்த்தவள், அங்கேதான் லைசென்ஸ் எடுத்தேன். இப்போது ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். விவாதத்தில் எண்ணிக்கை எதுவும் வரவில்லை என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2022-ல் இந்தியா முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. அமீரகத்தில் 2023-ல் இறந்தவர்கள் 352 பேர். மக்கள்தொகையைப் பார்த்தால் அங்கே லட்சம் பேருக்குச் சுமார் மூன்றரை, இந்தியாவில் பன்னிரண்டு, தமிழ்நாட்டில் இருபத்துமூன்று. ஒத்துப்போதல் என்று சொல்கிற அண்ணன் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே ரோடு டெஸ்டில் பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருப்பார், போக்குவரத்து ஓடுகிற நிஜ ரோட்டில் ஓட்ட வேண்டும். லேன் மாறும்போது கண்ணாடி பார்த்தது போதாது, தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத இடத்தில் ஒரு வண்டி இருக்கும் என்பதற்காக. எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா பாகிஸ்தான்காரர். நான் கழுத்தைத் திருப்பாத ஒவ்வொரு முறையும் டேஷ்போர்டில் விரலால் தட்டுவார், வாயே திறக்க மாட்டார். இன்றைக்கும் கருங்கல் ஜங்ஷனில் திரும்பும்போது என் கழுத்து தானாகத் திரும்புகிறது. திரும்பினால் அந்த இடத்தில் ஒரு பைக் இருக்கத்தான் செய்கிறது.

இங்கே பைக்குக்கு எட்டு போடச் சொல்கிறார்கள். காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் லைசென்ஸ். எதிரே ஆள் வந்தால் என்ன செய்வாய் என்று அந்த எட்டுக்குள் யாரும் கேட்பதில்லை.


ஆட்டோ மார்த்தாண்டம்:

சிஸ்டர், எண்ணிக்கையை மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது சரியா? அங்கே பெரும்பாலும் எல்லோரும் இரும்புக் கூட்டுக்குள், பெல்ட் போட்டு, ஏர்பேக்கோடு போகிறார்கள். இங்கே குடும்பமே பைக்கில் போகிறது. அதே தவறுக்கு அங்கே பம்பர் நசுங்கும், இங்கே உயிர் போகும். விதியை மதிக்காததால் மட்டும் இந்த வித்தியாசம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. தம்பி அங்கே கோட்டில் காலை வைத்தால் கார் நிற்கும் என்றார். கோடு எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டார். என் மச்சினன் ஷார்ஜாவில் லேபர் கேம்பில் இருந்தான். கேம்புக்கும் எதிரே இருக்கிற கடைக்கும் நடுவில் பெரிய ரோடு. நடைமேம்பாலம் வெகுதூரம் தள்ளி. ராத்திரி டியூட்டி முடிந்து அந்த வெயிலூறிய காற்றில் அவ்வளவு தூரம் நடந்து, ஏறி இறங்கித் திரும்பி வர வேண்டும். குறுக்கே கடந்தால் 400 திர்ஹம். அவனுடைய மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு என்று யோசியுங்கள். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கிற ரோட்டைக் குறுக்கே கடந்தால் ஜெயிலே இருக்கிறது.

அங்கே நடக்கிறவனுக்கும் வழி எழுதி வைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த வழி கார்காரனுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில்தான் இருக்கும். குழித்துறையில் ஒரு கிழவி எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையைக் காட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கலாம். டிரைவர்கள் திட்டுவார்கள், ஆனாலும் நிறுத்துவார்கள்.


தக்கலை தம்பி:

அபராதம் கேம்ப்காரருக்குத்தான் அதிகம் வலிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சம்பளத்துக்கு ஏற்ற அபராதம் அங்கே கிடையாது. லட்சம் திர்ஹம் சம்பாதிக்கிறவருக்கும் அதே தொகைதான். ஆனால் கருப்புப் புள்ளிக்கு அந்த வித்தியாசம் இல்லை. காசு எவ்வளவு இருந்தாலும் லைசென்ஸ் போனால் போனதுதான்.

கிழவி விஷயத்தில் மட்டும் உடன்பாடு இல்லை. நிறுத்துவார்கள் என்று நம்பி ரோட்டில் இறங்கி, நிறுத்தாத ஒருவரால் போனவர்கள் எத்தனை பேர்?


கருங்கல் சிஸ்டர்:

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2022-ல் நாடு முழுக்க இறந்த பாதசாரிகள் 32,825 பேர். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பைக்கில் போனவர்கள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல். அண்ணன் சொன்ன இரும்புக் கூட்டுக் காரணம் சரிதான். ஆனால் அதே காரணத்தால்தான் இங்கே விதி இன்னும் கறாராக வேண்டும். கூடு இல்லாதவர்கள் அதிகம் இருக்கிற ரோட்டில் பேரம் பேசக் கூடாது.


பழைய டிரைவர்:

நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். தம்பிமார் இரண்டு பேரும் சொல்வதைப் படித்தேன். மலை ரோடு ஓட்டின அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும்.

பேச்சிப்பாறை தாண்டி கோதையாறுக்கு பஸ் போகும். ரோடு ஒரு வண்டி அகலம்தான், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் காடு இறங்கும். அங்கே ஒரு விதி: ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி. இறங்கி வருகிறவன் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். ரூல் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த ரோட்டில் ஓட்டுகிற ஜீப்காரன், ரப்பர் பால் ஏற்றுகிற டெம்போக்காரன் முக்கால்வாசிப் பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் எல்லோரும் மதிப்பார்கள். போலீஸும் கிடையாது, கேமராவும் கிடையாது.

ஏன் மதிக்கிறார்கள்? பாரத்தோடு ஏறுகிற வண்டியை நடு ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். கிளட்ச் கருகும், வண்டி பின்னால் உருளும். இன்றைக்கு அவன் ஏறுகிறான், நாளைக்கு நான் ஏறுவேன். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் விதி நிற்கிறது.

ஒருமுறை மழையில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் சீட் நிறைய ஆள். எதிரே அன்னாசி ஏற்றிய ஒரு டெம்போ ஏறி வந்தது. நான் பஸ், அவன் சின்ன வண்டி. மார்த்தாண்டத்தில் என்றால் அவன் ஒதுங்கியிருப்பான். அங்கே நான்தான் ரிவர்ஸ் எடுத்தேன். கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று விசில் கொடுக்க, ஒரு வளைவு தாண்டி அகலமான இடம் வரும்வரை பின்னாலேயே போனேன். பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவ்வளவு பேரை வைத்துக்கொண்டு ஏன் ஒரு டெம்போவுக்காகப் பின்னால் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அதே நான் கீழே இறங்கி குலசேகரம் தாண்டியதும் மாறிவிடுவேன். டயம் கீப்பர் காத்திருப்பார், அடுத்த டிரிப் இருக்கும், முன்னால் போகிற தனியார் வண்டி ஆளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவான். வண்டியும் அதுதான், ஆளும் நான்தான்.


தக்கலை தம்பி:

அண்ணாச்சி, நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெரிய வண்டி சின்ன வண்டிக்காகப் பின்னால் போனது, விதி முன்பே முடிவாகியிருந்ததால். நம்ம ஆட்களுக்கு ஒழுங்கு வராது என்று சொல்கிறவர்களுக்கு கோதையாறு ரோடே பதில்.


ஆட்டோ மார்த்தாண்டம்:

தம்பி, அண்ணாச்சி சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கே விதி நின்றது அபராதத்தால் இல்லை என்றும் அவர்தானே சொன்னார்? ரோட்டில் ஓட்டுகிறவர்களே ஏற்றுக்கொண்ட விதி அது. என் பக்கத்து சாட்சியும் அதுதான்.

நீங்கள் கேட்கிறது மேலேயிருந்து வருகிற விதி. அது வந்தால் இங்கே எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஹெல்மெட் போடாத பைக்காரனையும், ஒரு ஆள் கூடுதலாக ஏற்றிய ஆட்டோக்காரனையும்தான் பிடிப்பார்கள், ஏனென்றால் அவனை நிறுத்துவது சுலபம். ஹெல்மெட் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நான் பைக் எடுத்தால் போடுகிறவன். ஆனால் அளவுக்கு மேல் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளைக்குப் பறக்கிற டாரஸை அதே வேகத்தில் நிறுத்துகிறார்களா? இந்த மாவட்டத்தில் அந்த லாரிகளுக்காக எத்தனை மறியல், எத்தனை மனு. ‘வழி யாருக்கு’ என்கிற சட்டத்தை அமல்படுத்தப் போகிறவர்கள் மேலேயிருந்து ஆரம்பிப்பார்களா, கீழேயிருந்து ஆரம்பிப்பார்களா? அதைச் சொல்லிவிட்டு அமீரகத்தைக் காட்டுங்கள்.


இறச்சகுளம்:

நான்குவழிச் சாலை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். டாரஸ் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், ஊருக்குள் நம்ம வண்டிதான்.


கருங்கல் சிஸ்டர்:

லாரி குறைவது நல்லதுதான். ஆனால் நான்குவழிச் சாலை பக்கத்து ஊர்களை நடுவில் வெட்டிக்கொண்டு போகும். அங்கே கடக்கிறவர்களுக்கு என்ன வழி என்பதை இப்போதே கேட்காவிட்டால் அண்ணனின் மச்சினன் கதை நம் ஊரிலும் நடக்கும்.


தக்கலை தம்பி:

அண்ணன் கேள்வி நியாயம். மேலேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் ஒன்று யோசியுங்கள். அமீரகம் பிறக்கும்போதே ஒழுங்காக இருந்த நாடு இல்லை. 2008-ல் அங்கே ரோட்டில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இப்போது மக்கள்தொகை கூடியும் 352. அந்த 2008 மார்ச்சில்தான் கருப்புப் புள்ளி முறை வந்தது. இடையில் ரோடும் மாறியது, கேமராவும் வந்தது, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் அங்கே ஓட்டுகிற ஆட்கள் யார்? நம்ம ஊர்க்காரர், மலையாளி, பாகிஸ்தானி, பெங்காலி, எகிப்துக்காரர். அவரவர் ஊரில் பேரம் பேசி ஓட்டினவர்கள்தான். விமானம் இறங்கி லைசென்ஸ் எடுத்ததும் கோட்டில் நிற்கிறார்கள். ஊருக்கு லீவில் வந்ததும் மறுபடி மூக்கை நீட்டுகிறார்கள். அண்ணாச்சி கோதையாறில் ஒரு மாதிரி, குலசேகரத்தில் வேறு மாதிரி ஓட்டினார் அல்லவா, அதேதான்.

சின்ன விஷயங்களிலும் அங்கே தப்பிக்க வழியில்லாமல் செய்திருக்கிறார்கள். வண்டி லேசாக உரசினாலும் போலீஸ் ரிப்போர்ட் வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் கதவு நசுங்கலைத் தொடமாட்டார்கள். யார் மேல் தவறு என்பது அந்தத் தாளிலேயே வந்துவிடும். அதனால் ரோட்டில் சட்டையைப் பிடிக்கிற சண்டை கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை முல்கியா, அதாவது வண்டிப் பதிவு அட்டை, புதுப்பிக்கும்போது பாக்கி முகாலஃபா (அபராதம்) எல்லாம் கட்டினால்தான் வண்டி ரோட்டில் ஓடும். இங்கே சொந்தக் காரை ஒருமுறை பதிவு செய்தால் 15 வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆன்லைனில் விழுகிற சலானைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை.


ஆட்டோ மார்த்தாண்டம்:

நம்ம ஆள் அங்கே நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது தம்பி. வேலையும் விசாவும் போய்விடும் என்கிற பயம். டிரைவர் வேலைக்குப் போனவனுக்கு லைசென்ஸ் போனால் ஊருக்கு டிக்கெட். அந்தப் பயத்தைச் சொந்த மண்ணில் இருக்கிறவனுக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.


கருங்கல் சிஸ்டர்:

இப்போது அண்ணன் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும்.

அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 3000 திர்ஹம், 6 புள்ளி, வண்டி 30 நாள் பறிமுதல். இங்கே 10,000 ரூபாய் என்று சட்டம். ஆனால் நான் கேஸோடு 108-ல் போயிருக்கிறேன். சைரன் கேட்ட உடனே தக்கலையில் ஆட்டோக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கி நடு ரோட்டில் நின்று மற்ற வண்டிகளை ஒதுக்கினார்கள். ஒருவர் பைக்கில் முன்னால் போய்க் கையை ஆட்டிக்கொண்டே வழி எடுத்துக்கொடுத்தார். அபராதத்துக்குப் பயந்து யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அடிபட்டவர்களைக் கொண்டுவருவதும் அப்படித்தான். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற விபத்துக் கேஸில் ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தது நிறைய. சீட்டெல்லாம் ரத்தம், ஆட்டோ அண்ணன் வெளியே நின்று கழுவிக்கொண்டிருப்பார். முன்பு போலீஸ் கேஸாகுமே என்று பயந்தவர்கள் உண்டு. இப்போது அந்தப் பயம் வேண்டாம். 2019 திருத்தத்தில் உதவி செய்கிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பெயர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்று கொண்டுவந்தது. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள். எந்த ஊர்க்காரர் அடிபட்டாலும் சரி. தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அடிபட்ட பிறகு இவ்வளவு அன்பு காட்டுகிற ஆட்கள் அடிபடுவதற்கு முன்னால் பத்து விநாடி நிற்கக் கூடாதா என்பதுதான் என் வருத்தம். ஆம்புலன்ஸுக்கு எல்லோரும் விலகுகிறோம், காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. ரோட்டோரம் நின்றுகொண்டு கடக்க முடியாமல் தவிக்கிற பிள்ளையின் காரணம் தெரிய மாட்டேன் என்கிறது.


பழைய டிரைவர்:

சிஸ்டர் சொன்னது நெஞ்சில் தைத்தது.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரத்தில் மார்கழித் தேர், இந்த நாட்களில் ரோடு முழுக்க ஆள். அன்றைக்கு பஸ், கார், டாரஸ் எல்லாமே சுற்றுவழி போகும் அல்லது காத்து நிற்கும். வண்டிக்காரன் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். ஆகவே நடக்கிறவனுக்கு ரோட்டைக் கொடுக்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பஸ் டிரைவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாப்பில் ஓரம் கட்டாமல் நடு ரோட்டில் நிறுத்துகிறார்கள் என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். ஓரம் கட்டினால் மறுபடி ரோட்டுக்கு வர ஒருத்தனும் விடமாட்டான். டயம் போகும், டயம் போனால் கேள்வி எனக்கு. ஸ்டாப்பிலிருந்து கிளம்புகிற பஸ்ஸுக்கு வழி விட்டால் பாதி டிரைவர்கள் நாளைக்கே ஓரம் கட்டுவார்கள்.


தக்கலை தம்பி:

அப்படியென்றால் ஒரு இடத்தில் செய்து பார்க்கலாம். மாவட்டம் முழுக்க வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் ஒரே ஒரு கடக்குமிடம். தரையில் வெறும் பெயின்ட் போதாது, மேடு போல உயர்த்திக் கட்ட வேண்டும், அப்போது டாரஸும் தானாக வேகம் குறைக்கும். அங்கே மட்டும் ஸ்கூல் விடுகிற நேரத்தில் கறாராக அமல். நிற்காதவருக்கு அபராதம், பைக்கானாலும் பஸ்ஸானாலும் லாரியானாலும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க நான் தயார். அண்ணாச்சி சொன்ன பஸ் விஷயத்தையும் சேர்த்து எழுதுகிறேன். யார் யார் கையெழுத்துப் போடுவீர்கள்?


கருங்கல் சிஸ்டர்:

என் கையெழுத்து உண்டு. இரவுப் பணி இல்லாத திங்களாக இருந்தால் நேரிலும் வருவேன்.


ஆட்டோ மார்த்தாண்டம்:

உயர்த்திக் கட்டுகிற மேட்டுக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன், ஸ்டாண்டில் இருக்கிற மற்றவர்களிடமும் வாங்கித் தருகிறேன். ஸ்கூல் விடுகிற நேரத்தில் ஆள் மாற்றி ஆள் நின்று பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைக்கவும் எங்களால் முடியும், யாரும் சம்பளம் தர வேண்டாம்.

அபராதம் என்று எழுதிய வரிக்கு மட்டும் கையெழுத்து இல்லை. முதல் மூன்று மாதம் டாரஸுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் போடட்டும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆட்டோவுக்குப் போடச் சொல்லி நானே மனு கொடுக்கிறேன். அப்படி எழுதுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் தம்பி, திங்கட்கிழமை நாகர்கோவிலுக்கு என் வண்டியிலேயே போகலாம்.